கோடாரிக்காரனிடம் ஊர் கேட்டவள்

நான் காதல் கல்யாணம் செய்துகொண்டு பழவேற்காடு ஏரியில் தீவாக இருக்கும் பசியாவரத்தில் படகைவிட்டு இறங்கிய அன்று என்னோடு பேசிய ஒரே ஆள் என் ஓரகத்திதான். கணவரின் அண்ணன் மனைவி; எனக்கு அக்கா. மாமியார் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாமனார் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அனுப்பம்பட்டில் நெல் பயிர் வைக்கிற வீட்டுப் பெண் நான் என்று சொன்னேன். எந்தத் தெரு, அம்மா எந்த ஊர், அம்மாவைப் பெற்றவள் எந்த ஊர் என்று அக்கா கேட்டுக்கொண்டே போனாள். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் என் அம்மாவின் பெரியம்மா வீட்டுக்கு வாராவாரம் கருவாடு கொண்டுவந்த கூடைக்காரம்மா, அக்காவுக்குச் சொந்த அத்தை என்று தெரிந்தது. அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பி, "அத்த, இவ நமக்கு வேண்டிய பொண்ணுதான்" என்று குரல் கொடுத்தாள். அன்றைக்கு மாமியார் தன் கையாலேயே எனக்குச் சோறு போட்டாள்.

அக்காவை நினைத்தால் இந்தக் குணம்தான் முதலில் ஞாபகம் வரும். முன்பின் தெரியாத ஒருவரை அப்படியே விட்டுவிட அவளால் முடியாது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவரின் கொழுந்தியாள் எந்த ஊரில் வாக்கப்பட்டாள் என்பதுவரை தெரிந்துகொள்வாள். ஒருமுறை பொன்னேரி ஆஸ்பத்திரியில் பல்வலிக்குப் போனவள், முன்னால் நின்ற அம்மாளோடு பேசிக்கொண்டே கண் டாக்டர் வரிசையில் நின்று, கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். போனில் பாட்டு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிடுகிற கம்பெனிப் பெண்ணைக்கூட அவள் விடவில்லை. அந்தப் பெண்ணுக்குத் திண்டிவனம் பக்கம். அதற்குப் பிறகு அவள் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டுத் தன் மாமியாரைப் பற்றிப் பேசினாள்.

போன் ஆட்டம் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான்தான். காலேஜில் படிக்கும்போது தோழிகளோடு சேர்ந்து போனில் ஆடப் பழகியது. நாங்கள் அதைத் தீவு ஆட்டம் என்போம். ஒரு கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தீவின் கடற்கரையில் கண் விழிப்போம். பசிக்கும், தாகம் எடுக்கும், குளிரும். மரம் வெட்டி, குடிசை கட்டி, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதே தீவில் நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் எங்கெங்கோ உட்கார்ந்து போனில் ஆடுகிற நிஜ மனிதர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் நம்மைக் கொன்றுவிட்டு நம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். செத்தாலும் திரும்பக் கரையில் எழுந்துகொள்ளலாம். ஆனால் கையில் பழையபடி ஒரு கல்தான் இருக்கும்.

அக்கா காலையில் பழவேற்காட்டுக்கு மீன் கொண்டுபோய் விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். மாமியார் கண்ணயரும் நேரத்தில் நாங்கள் இருவரும் நாத்தனாரோடு வலை வைக்கிற கொட்டாயில் உட்கார்ந்து வலை சீர் பண்ணுவதாகப் பேர். ஒரு நாள் அக்கா என் போனை எட்டிப் பார்த்தாள். விளக்கிச் சொன்னேன்.

"நாம்பளே தீவுலதான் கீறோம். அதுக்கு எதுக்கு போனு?" என்றாள்.

கொஞ்ச நேரம் வலையைப் பிரித்தாள். பிறகு, அந்தத் தீவில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாள். நூறு பேர், எந்தெந்த ஊரோ தெரியாது என்றேன். ஊர் தெரியாத நூறு பேர் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே அவள் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தேன்.

அந்த ஆட்டத்தில் நமக்கு எந்த உருவம் வரும் என்பது நம் கையில் இல்லை. அக்காவுக்கு வந்தது ஒரு தாடிக்காரர். நாற்பது வயது மதிக்கலாம். இடுப்பில் ஒரு கோவணத்தைத் தவிர வேறு துணி கிடையாது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். யாரோ ஒரு ஆம்பளை இப்படி நிற்கும்போது தான் எப்படிப் பார்ப்பது என்றாள். அது நீதான் அக்கா என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை அந்த உருவத்தை "அவரு" என்றுதான் சொன்னாள். அவருக்குப் பசிக்குது, அவரு தண்ணில வுழுந்துட்டாரு, அவரு செத்துட்டாரு.

புதிதாக வருகிறவர்களுக்கென்று என்னிடம் சில யோசனைகள் இருந்தன. முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மரம், கல். இருட்டுவதற்குள் நான்கு சுவரும் ஒரு கதவும். அக்கா இதில் எதையும் கேட்கவில்லை. தாடிக்காரரைப் பாறைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, நார்ச்செடி எங்கே இருக்கிறது என்று என்னைத் தேடச் சொன்னாள். நார் சேர்த்துச் சட்டை, கால்சட்டை எல்லாம் தைத்து மாட்டிய பிறகுதான் அவரை வெளியே வர விட்டாள். அதற்குள் அவர் தாகத்தில் செத்துப்போனார். அடுத்த தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை நானே முன்கூட்டி ஒரு சட்டை தைத்துக் கரையில் வைத்திருந்தேன்.

அடுத்த யோசனை, வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் வருகிறவர்களோடு மைக்கில் பேச முடியும்; ஆனால் புதிதாக வந்தவர்கள் பேசினால் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குரலே காட்டிக் கொடுத்துவிடும். ஆள் வருவது தெரிந்தால் புதருக்குள் படுத்துவிட வேண்டும். இதை மூன்று முறை சொல்லி, சரி என்று சொல்ல வைத்தேன். அரை மணி நேரத்தில் ஈட்டியோடு ஒருவன் எதிரில் வந்தான். நான் புதரில் படுத்தேன். தாடிக்காரர் நேராக அவனிடம் போய், அக்காவின் குரலில், "இன்னா ஊரு நீ?" என்று கேட்டார்.

குத்திவிட்டான். அக்கா கரையில் எழுந்து, கால் மணி நேரம் நடந்து, அதே இடத்துக்குப் போனாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குத்துவது என்ன பழக்கம் என்று கேட்டாள். திரும்பவும் குத்தினான். நான்காவது முறை அவனுக்கே களைத்துப் போயிருக்க வேண்டும்.

"காரைக்கால்" என்றான்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் பேசினார்கள். மடவை மீனுக்கு அங்கே என்ன பேர், கெளுத்தியை அங்கே குழம்பு வைப்பார்களா வறுப்பார்களா என்று பேச்சு போனது. போகும்போது அவன் தன் ஈட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் அந்தத் தீவில் இரண்டு வருடம் ஆடியிருக்கிறேன். எனக்கு ஒருவனும் ஒரு குச்சிகூடக் கொடுத்ததில்லை.

வீடு கட்டும்போதும் தகராறுதான். ஜன்னல் வைக்காதே, ஜன்னல் வழியாக அம்பு விடுவார்கள் என்பது என் யோசனை. புழுங்காதா என்று கேட்டு மூன்று ஜன்னல் வைத்தாள். கரை ஓரமாகக் கட்டாதே என்றேன். கரையில் கட்டினால்தானே புதிதாக வருகிறவர்களைப் பார்க்க முடியும் என்றாள். ஆட்டத்தில் மீன் பிடிப்பதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. தூண்டில் போட்டதும் மீன் வந்தது. காற்று பார்க்க வேண்டியதில்லை, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. இதைச் செய்தவன் ஏரியையே பார்த்திருக்க மாட்டான், அவன் எந்த ஊர் என்று கேட்டாள்.

தீவின் நடுவில் ஓர் இரும்புக் குன்று உண்டு. நல்ல கதவும் நல்ல கோடாரியும் வேண்டுமென்றால் இரும்பு வேண்டும். அதனால் அங்கே எந்நேரமும் வெட்டுக் குத்துதான். புதிதாக வந்தவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அக்கா போனாள். போய், அங்கே அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, எங்கள் ஏரியில் நாங்கள் பாடு வைப்பது போல இங்கே வைத்தால் என்ன என்று கேட்டாள். பாடு என்றால் முறை. இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்துக்கொள்வார்கள். இதைத் தாடிக்காரர் ஒரு பாறை மேல் நின்று விளக்கினார். இரண்டு முறை அம்பு பட்டுச் செத்தார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பத்து நாளில் குன்றுக்குப் பாடு வந்துவிட்டது. திங்கள் காரைக்கால்காரன், செவ்வாய் மதுரைப் பையன்கள் இரண்டு பேர், புதன் நாங்கள், வியாழன் குடியாத்தத்திலிருந்து ஆடுகிற ஒரு டைலர். அக்கா பழைய நோட்டு ஒன்றில் எல்லாருடைய ஊரும் போன் நம்பரும் எழுதிவைத்திருந்தாள். எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் நான்கு பேர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இது ஆட்டமா பஞ்சாயத்தா என்று கோபித்துக்கொண்டு ஒருவன் வேறு தீவுக்கே போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நாத்தனாருக்கு வரன் கூடி வந்தது. அவள் அதிகம் பேச மாட்டாள். கொட்டாயில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிஜமாகவே வலை பிரிப்பவள் அவள் ஒருத்திதான். அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இது ஆரம்பாக்கம். பையன் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறான், பகலெல்லாம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு புத்தகமும் கையுமாக இருப்பான் என்று அவன் அம்மா சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று நாத்தனார் காபித் தட்டை நீட்டும்போது அவனை நன்றாகவே பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது. அக்கா சம்பந்தியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வழக்கம்போலத் தோண்டி, சூலூர்ப்பேட்டையில் ஓர் ஒன்றுவிட்ட உறவைக் கண்டுபிடித்தாள். நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி.

தீவில் அப்போது ஒரு முகமூடிக் கும்பல் கிளம்பியிருந்தது. நான்கு பேர். கறுப்பு முகமூடி, இரும்புக் கோடாரி. பாடு கீடு எதற்கும் கட்டுப்பட மாட்டார்கள். குடியாத்தம் டைலரின் வீட்டைத் தரைமட்டமாக்கினார்கள். கரையில் அன்றைக்குத்தான் வந்து நான்கு குச்சியை நட்டு வைத்திருந்தவர்களைக்கூட விடவில்லை. அவர்கள் வந்தால் எதையும் எடுக்காமல் ஓடிவிடு என்று அக்காவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வந்தார்கள். வாசலில் நான்கு முகமூடிகள். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கொட்டாயில் அக்காவின் கையைப் பிடித்து, மைக்கை அணைக்கச் சொன்னேன். கோடாரி கதவில் விழுகிற சத்தம் கேட்டது.

"கதவத் தொற" என்றது ஒரு குரல். வேண்டுமென்றே கட்டையாக்கிக்கொண்ட குரல்.

"தொறக்கறேம்பா. மொதல்ல இன்னா ஊருன்னு சொல்லு" என்றாள் அக்கா.

இன்னும் நான்கு வெட்டு விழுந்தது. கதவு பாதி போய்விட்டது. அப்போது அந்தக் கட்டைக்குரல்காரனுக்குப் பின்னாலிருந்து, எங்கேயோ ஓர் அடுப்படியிலிருந்து, ஒரு பெண் குரல் வந்தது. "நைனா, மணி ரெண்டாவுது. சோறு ஆறிப்போவுது பாரு."

கோடாரி நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். அவள் ஒருவரோடு ஒருமுறை பேசிவிட்டால் அந்தக் குரலை மறக்க மாட்டாள். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "சம்மந்தியம்மா, நல்லா கீறீங்களா? நான் பசியாவரம் பெரிய மருமக பேசறேன்" என்றாள்.

பிறகு அந்த அம்மாவின் குரல் பக்கத்தில் வந்தது. யார் பேசுவது, பையன் போனில் எப்படி என்று கேட்டார். நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"உங்க புள்ள எங்க வூட்டுக் கதவ கோடாரியால வெட்டிக்கினு கீறாரும்மா. நீங்க கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

மற்ற மூன்று முகமூடிகள் சிரித்துக்கொண்டே ஓடிப்போனார்கள். தலைவன் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினான். எங்கே விட்டுவிட்டுப் போகிறோமோ அங்கேயே நம் உருவம் தூங்கிக்கொண்டு கிடக்கும். அதனால் வெட்டவெளியில் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்பது புதியவர்களுக்கு நான் சொல்லும் இன்னொரு யோசனை. தலைவன் எங்கள் வாசலில் கோடாரியோடு மல்லாந்து கிடந்தான். அவனிடம் இருந்த ஆயுதங்களை எடுத்தால் எங்களுக்கு ஒரு வருடத்துக்குக் காணும். நான் கிட்டே போனேன். அக்கா தடுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளடி அவரு" என்றாள்.

தாடிக்காரர் மரம் வெட்டிக்கொண்டு வந்து, தூங்குகிற மாப்பிள்ளையைச் சுற்றி நான்கு சுவர் எழுப்பி, மேலே கூரையும் போட்டார். ஜன்னலும் வைத்தார்.

கல்யாணம் இதனால் நின்றுவிடுமோ என்று எனக்கு மட்டும் கவலை. அதற்கேற்ற மாதிரி மறுநாள் காலையில் படகிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். சம்பந்தியம்மா, அவர் வீட்டுக்காரர், பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை. சம்பந்தியம்மா கையில் தட்டு நிறைய வாழைப்பழமும் சாத்துக்குடியும் இருந்தன. உள்ளே வந்ததும் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க புள்ள செய்தது பெரிய தப்பு, கதவுக்கு என்ன ஆனாலும் நாங்களே செய்து கொடுத்துவிடுகிறோம் என்றார். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கதவு என்று கேட்டாள்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. பையன் கோடாரியோடு ஏரியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கே வந்து கதவை வெட்டியதாக அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். சோற்றுக்குக் கூப்பிட்டபோது அவன் அறைக்குள்தான் இருந்தான் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. அவனும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பேங்க் பரீட்சை என்னவாயிற்று என்கிற கேள்வி வரும்.

எங்கள் வீட்டு முன்கதவின் அடிப்பலகை போன மழையிலேயே ஊறி உளுத்துப்போயிருந்தது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று மாமனார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். எல்லாரும் எழுந்து அந்தக் கதவைப் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பலகையைத் தடவி, கோடாரி வெட்டு மாதிரி தெரியவில்லையே என்றார். மாமனார் ஒரு கணம் யோசித்தார். பிறகு, அடி கொஞ்சம் பலம்தான் என்று மெதுவாகச் சொன்னார்.

அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அந்தக் கதவு இல்ல மாமா. போன்ல கீற கதவு" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தீவு, தாடிக்காரர், பாடு, முகமூடி ஒன்றையும் விடவில்லை. நாங்கள் வலை பிரிப்பதாக மாமியார் நம்பிய அத்தனை மத்தியானங்களும் ஒரே மூச்சில் வெளியே வந்தன. மாமியார் என்னைத்தான் பார்த்தாள். காதல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள், போனோடு வந்தவள், ஆட்டத்தைக் கொண்டுவந்தவள், இப்போது பெண்ணின் கல்யாணத்தையும் கெடுத்தவள். அந்தப் பார்வையில் இத்தனையும் இருந்தன. சம்பந்தியம்மா மகன் பக்கம் திரும்பி, அப்படியானால் புத்தகம் என்னவாயிற்று என்று கேட்டதும், அவன் சுவரைப் பார்த்தான். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் கொஞ்சம் யோசித்துக்கொண்டு சொல்லலாம் என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நாத்தனார் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தாள். கையில் காபித் தட்டு இல்லை. நேராக மாப்பிள்ளையின் எதிரில் போய் நின்றாள்.

"கரையில புதுசா வந்தவங்க குடிசையையும் நீங்கதான் இடிச்சதா?"

அவன் ஆமாம் என்றான்.

"எத்தினி?"

எண்ணவில்லை என்றான்.

"எல்லாத்தையும் திருப்பிக் கட்டிக் குடுங்க. அப்பால பரீட்சைக்குப் படிங்க. கல்யாணம் எப்பன்னு அப்பால பேசலாம்."

மாமனார் இருமினார். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா மட்டும் நாத்தனாரைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, கீழே வைத்த பழத்தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இருபத்தேழு வயசில் இவனை இப்படி நிற்க வைத்து ஒருவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை, கல்யாண நாளை நீங்களே குறித்துவிடுங்கள் என்று மாமியாரிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கொட்டாய்க்குப் போய் நிஜமாகவே வலை பிரித்தேன்.

மாப்பிள்ளை மூன்று வாரம் கட்டினான். காலையில் படிப்பு, மத்தியானம் குடிசை. முகமூடியைக் கழற்றிவிட்டு மற்ற மூன்று பேரும் மரம் சுமந்தார்கள். தாடிக்காரர் பக்கத்தில் நின்று, கூரை சரிவு போதாது, வாசல் குறுகலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். குடியாத்தம் டைலர் தன் வீட்டுக்கு மாடி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நாத்தனார் தினமும் அக்காவின் போனை வாங்கி, ஒவ்வொரு குடிசையாக உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். இரண்டை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னாள். எப்படிக் கட்டுவது, எப்படி இடிப்பது என்று அவளுக்கு அப்போதுதான் கை பழகியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பரீட்சையில் முதல் தடவை தேறவில்லை, இரண்டாவது தடவை தேறினான். மாமனார் கதவுக்குப் புதுப் பலகை போட்டார்.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் தீவு அழிந்தது. ஆட்டத்தை நடத்துகிறவர்கள் அவ்வப்போது எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இதை அக்காவிடம் சொல்ல நான் மறந்துவிட்டிருந்தேன். போனைத் திறந்தால் வீடும் இல்லை, மாடியும் இல்லை, பாடும் இல்லை. கரையில் தாடிக்காரர் கோவணத்தோடு நின்றார். அக்கா உடைந்துபோவாள் என்று பயந்தேன்.

"ஆளுங்க கீறாங்களா?" என்று கேட்டாள்.

ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீடுகள்தான் போயின என்றேன்.

அப்படியானால் சரி என்றாள். போனில் இடம் போதவில்லை, கல்யாண போட்டோ முந்நூறு ஏற்ற வேண்டும் என்று சொல்லி, அங்கேயே ஆட்டத்தை அழித்துவிட்டாள். கண்கூடக் கலங்கவில்லை. அன்று மத்தியானம் முழுக்க எனக்கு முந்நூறு போட்டோவையும் காட்டினாள்.

அதற்கடுத்த வருடம் என் கணவருக்கு வேலை கிடைத்து நாங்கள் பொன்னேரிக்குக் குடிவந்தோம். நான் இன்னும் சில நாள் ஆடிவிட்டு விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் மதுரைப் பையன்களில் ஒருவன் எனக்கு போன் செய்தான். தீவில் ஒரு புதுக் கும்பல் வந்திருக்கிறதாம். ஒரே நாளில் பதினோரு வீட்டை இடித்துவிட்டார்களாம். குன்றை முழுசாகப் பிடித்துக்கொண்டார்களாம். தலைவி ஒரு பெண். மைக்கில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆரம்பாக்கம் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளை பேங்குக்குப் போய்விட்ட பிறகு, பகலில் அறைக்கதவைச் சாத்திக்கொள்வது இப்போது எங்கள் நாத்தனார். போன வாரம் மாப்பிள்ளை லீவு நாளில் ஆசையாக ஒரு சின்னக் குடிசை கட்டினானாம். அதையும் இடித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசியாவரம் போனபோது அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் வாசலில் உட்கார்ந்து நண்டுகளின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை பேரை உட்கார வைத்துப் பேசி, அத்தனை முறை செத்து எழுந்து பாடு வைத்தவள். வருத்தப்படுவாள், போன் போட்டுத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரே நாள்லயா பதினொண்ணு?" என்றாள்.

ஆமாம் என்றேன். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. கையிலிருந்த நண்டைக் கூடையில் போட்டுவிட்டு, அதில் பெரியதாகப் பார்த்து ஆறைப் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி என் பக்கம் நகர்த்தினாள். போகிற வழியில் ஆரம்பாக்கம் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாள்.

"பாவம், அசந்து போயிருப்பா. ரசம் வெச்சிக் குடிக்கச் சொல்லு" என்றாள்.